உரிமையாளரைக் கேட்காமல் முடிந்த சமரசம்: கடலூர் மீன் வண்டி விபத்து இழப்பீட்டு வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடலூர் முதுநகரில் மீன் வியாபாரம் செய்யும் ஒருவரின் சிறிய சரக்கு வண்டி, புதுச்சேரி எல்லைக்குள் ஒரு கொத்தனாரின் மோட்டார் சைக்கிள் மேல் மோதியது. காயம்பட்டவர் இழப்பீட்டு வழக்குப் போட்டார். வண்டிக்குக் காப்பீடு இருந்தது. வழக்கை நடத்தியதும், தொகை பேசியதும், முடித்ததும் காப்பீட்டு நிறுவனமே. தொகை விஷயத்தில் எந்தக் கட்டத்திலும் அது உரிமையாளரின் சம்மதத்தைக் கேட்கவில்லை. அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது, எதுவரை செல்லும், உரிமையாளர் தன்னைக் காத்துக்கொள்ள மீதமிருந்த இடம் எது என்பதைப் பதிவு செய்கிறோம். ஆட்கள், நிறுவனம், வழக்கு எண் ஆகியவை தவிர்க்கப்பட்டுள்ளன.

வண்டியைப் பற்றி மூன்று விவரங்கள் கடைசிவரை தேவைப்படும். ஆர்.சி. புத்தகத்தின்படி அதன் மொத்த எடை 3,000 கிலோவுக்குக் கீழ். ஓட்டுநரிடம் இருந்தது இலகுரக வாகன உரிமம் மட்டும். போக்குவரத்து வாகனம் ஓட்டுவதற்கான தனிப் பதிவு அதில் இல்லை. பாலிசி, வண்டிச் சேதமும் தேர்ட் பார்ட்டி பொறுப்பும் (வண்டியால் பாதிக்கப்படும் பிறருக்கான இழப்பீடு) சேர்ந்த பேக்கேஜ் பாலிசி. தொடர்ந்து மூன்று ஆண்டுகளாகக் கிளெய்ம் எதுவும் போடாததால் உரிமையாளருக்கு 35 சதவீத நோ கிளெய்ம் போனஸ் (பிரீமியத் தள்ளுபடி) சேர்ந்திருந்தது.

விபத்தும் முதல் பத்து நாட்களும்

2023 செப்டம்பர், விடிகாலை ஐந்து மணிக்குச் சற்று முன். ஐஸ் பெட்டிகளோடு கடலூரிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்தது வண்டி. கன்னியக்கோயிலுக்கும் கிருமாம்பாக்கத்துக்கும் இடையே, பாகூர்ப் பக்கமிருந்து வரும் ஒரு கிளைச் சாலையிலிருந்து மோட்டார் சைக்கிள் பிரதான சாலையில் ஏறியது. வண்டியின் இடது முன் மூலை அதில் பட்டது. மோட்டார் சைக்கிளில் வந்தவருக்கு வயது 34. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்திருந்தன.

ஓட்டுநர் ஓடிவிடவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை நின்று, பிறகு காவல் நிலையத்துக்கும் போய்த் தகவல் சொன்னார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு ஓட்டுநரிடம் எதிர்பார்ப்பதில் முதல் இரண்டும் இவைதான். அதே பிரிவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது. பாலிசி எண், நாள், நேரம், இடம், காயம்பட்டவர் விவரம், ஓட்டுநர் பெயர் ஆகியவை அதில் இருக்க வேண்டும். அதைத்தான் யாரும் செய்யவில்லை.

மூன்றாம் நாள் காயம்பட்டவரின் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேச்சு நடந்தது. உரிமையாளர் 40,000 ரூபாய் ரொக்கம் கொடுத்தார். இருபது ரூபாய் பத்திரத்தில், “தவறு எங்கள் ஓட்டுநர் மேல்தான். மருத்துவச் செலவு முழுவதையும் நானே ஏற்கிறேன்” என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். இரக்கம் ஒரு காரணம். இன்னொரு காரணம், கிளெய்ம் போனால் போனஸ் போய்விடும் என்ற பயம். இந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை. நோ கிளெய்ம் போனஸ் வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தோடு மட்டும் சேர்ந்தது. தேர்ட் பார்ட்டி கிளெய்ம் அதைத் தொடாது. கடலூர் சாலையில் வண்டி ஓட்டுகிற பலரும் இன்றும் இதை மாற்றித்தான் நினைக்கிறார்கள். அதனால் தெருவோரப் பஞ்சாயத்தில் பணம் இழக்கிறார்கள்.

ஒன்பதாம் நாள்தான் ஏஜென்ட்டிடம் தொலைபேசியில் விஷயம் சொல்லப்பட்டது. எழுத்தில் எதுவும் இல்லை.

பாலிசியில் எழுதியிருந்தது

எல்லா மோட்டார் பாலிசியிலும் ஏறக்குறைய ஒரே வாசகத்தில் வரும் இரண்டு நிபந்தனைகள் இங்கே முக்கியம். முதலாவது, விபத்து நடந்த உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வரும் கடிதம், நோட்டீஸ், சம்மன் எதுவானாலும் கிடைத்த உடனே நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவது, நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் காப்பீட்டுதாரர் தவறை ஒப்புக்கொள்ளக் கூடாது, தொகை பேசக் கூடாது, வாக்குறுதி தரக் கூடாது, பணம் கொடுக்கக் கூடாது. நிறுவனம் விரும்பினால் காப்பீட்டுதாரரின் பெயரிலேயே வழக்கை எடுத்து நடத்தலாம், சமரசம் செய்யலாம். அதில் முழு விருப்புரிமை அதற்கே. கேட்கும் தகவலையும் உதவியையும் காப்பீட்டுதாரர் தர வேண்டும்.

பணம் கொடுப்பவர் கையில் பேச்சு இருக்க வேண்டும் என்பதே இதன் தர்க்கம். உடல் காயத்துக்கும் மரணத்துக்கும் இந்த பாலிசியில் தொகை வரம்பு இல்லை. சட்டப்படி எவ்வளவு வருகிறதோ அவ்வளவு. ஆகவே நிறுவனம் ஐந்து லட்சத்துக்கு முடித்தாலும் பத்து லட்சத்துக்கு முடித்தாலும், பாலிசி செல்லும்வரை உரிமையாளர் பையிலிருந்து ஒரு ரூபாய் போகாது.

“பாலிசி செல்லும்வரை” என்ற அந்த நிபந்தனையில்தான் சிக்கல் இருக்கிறது. உரிமம் சரியில்லை, பெர்மிட் இல்லை என்று நிறுவனம் நிறுவிவிட்டால், விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் ‘பே அண்ட் ரிகவரி’ உத்தரவு போடலாம். காயம்பட்டவருக்கு நிறுவனம் முதலில் கொடுக்கும். பிறகு அதே தொகையை உரிமையாளரிடம் வசூலிக்கும். 2004ஆம் ஆண்டு ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த வழி இது. அப்படியானால் வழக்கை நடத்துகிறவரும், நாளை உங்கள் மேல் வசூலுக்கு வரக்கூடியவரும் ஒருவரே. அவருடைய வக்கீலை உங்கள் வக்கீல் என்று எண்ணுவது பெரும் பிழை.

புலனாய்வாளர் வந்தபோது

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி காவல்துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும்; விரிவான அறிக்கைக்கு 90 நாள். நிறுவனத்தின் நியமன அதிகாரி 30 நாளுக்குள் காயம்பட்டவருக்குத் தொகை முன்மொழிய வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. இங்கே விரிவான அறிக்கை தாமதமானது, முன்மொழிவும் வரவில்லை. அந்தக் கட்டத்திலேயே பேசியிருந்தால் இந்த வழக்கே எழுந்திருக்காது என்பது எங்கள் கருத்து.

அதற்குப் பதிலாக நிறுவனத்தின் புலனாய்வாளர் வந்தார். ஆர்.சி., பாலிசி, எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் நகல்களோடு உரிமையாளரிடமும் ஓட்டுநரிடமும் எழுத்து வாக்குமூலம் கேட்டார். முதலில் நீட்டப்பட்டது எதுவும் எழுதாத வெள்ளைத் தாள். “கையெழுத்து மட்டும் போடுங்க அண்ணே, நான் எழுதிக்கிறேன்” என்றார். உரிமையாளரின் மகன் தடுத்தார். தமிழில் எழுதி, படித்துக் காட்டி, பக்கந்தோறும் கையெழுத்திட்டு, ஒரு நகல் வாங்கி வைத்தார்கள். இந்த நகல் பின்னால் பயன்பட்டது. கிளைச் சாலையிலிருந்து மோட்டார் சைக்கிள் நிற்காமல் ஏறியது என்று அதில் தெளிவாக இருந்தது.

பத்திரத்தில் எழுதிக்கொடுத்ததை உரிமையாளர் மறைக்கவில்லை. அதுவும் வாக்குமூலத்தில் சேர்ந்தது. சரியான முடிவு. மறைத்திருந்தால், காயம்பட்டவரோடு கூட்டுச் சேர்ந்திருக்கிறார் என்ற வாதத்துக்கு அதுவே தீனியாகியிருக்கும்.

குற்ற வழக்கில் ஒப்புக்கொள்ளும் யோசனை

ஓட்டுநர் மேல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 338 பிரிவுகளில் வழக்குப் பதிவாகியிருந்தது. கோர்ட்டில் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று சிலர் சொன்னார்கள். வண்டித் தொழிலில் இது பரவலான பழக்கம். ஆனால் அபராத ரசீதையும் தீர்ப்பு நகலையும் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஓட்டுநரின் அலட்சியத்துக்குச் சான்று ஆவணமாகப் பதிவு செய்வார்கள். பிறகு எதிர்த்தரப்பின் பங்குத் தவறு, அதாவது விபத்தில் அவர் மேலும் தவறு உண்டு என்ற வாதம் பலவீனமாகிவிடும். ஓட்டுநர் ஒப்புக்கொள்ளவில்லை, வழக்கை நடத்துவது என்று முடிவானது.

சம்மன் இழுப்பறையில் கிடந்தது

2024 பிப்ரவரியில், சட்டம் குறிக்கும் ஆறு மாதக் கெடுவுக்குள், காயம்பட்டவர் புதுச்சேரித் தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி. மனு (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) போட்டார். கேட்டது 18 லட்சம். முதல் எதிர்மனுதாரர் வண்டி உரிமையாளர், இரண்டாமவர் காப்பீட்டு நிறுவனம்.

ஏப்ரலில் உரிமையாளருக்குச் சம்மன் வந்தது. “கம்பெனி பாத்துக்கும்” என்று கடை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார். நிறுவனத்துக்கும் அனுப்பவில்லை, வாய்தாவுக்கும் போகவில்லை. ஜூனில் அவர் எக்ஸ்பார்ட்டி ஆனார், அதாவது ஆஜராகாததால் அவர் இல்லாமலே வழக்கை நடத்த உத்தரவானது.

நிறுவனம் இரண்டு காரியம் செய்தது. 170ஆம் பிரிவின் கீழ் மனு போட்டது. உரிமையாளர் காயம்பட்டவரோடு கூட்டுச் சேர்ந்தாலோ வழக்கை எதிர்க்கத் தவறினாலோ, அவர் எடுக்கக்கூடிய எல்லா வாதங்களையும் தானே எடுத்து நடத்த இந்தப் பிரிவு நிறுவனத்துக்கு அனுமதி தருகிறது. எதிர்மனுதாரராகவே சேர்க்கப்பட்ட நிறுவனத்துக்கு இந்த அனுமதி தேவையில்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தாலும், பாதுகாப்புக்காகப் போட்டுவைப்பது வழக்கம். மனு அனுமதிக்கப்பட்டது.

இரண்டாவது காரியம், நிறுவனம் தாக்கல் செய்த பதிலுரை. அது இரு முகமாக இருந்தது. முதல் பாதி காயம்பட்டவருக்கு எதிராக: கிளைச் சாலையில் நிற்காமல் வந்தார், வருமானத்தைக் கூட்டிச் சொல்கிறார், ஊனத்தை மிகைப்படுத்துகிறார். இரண்டாம் பாதி தன் சொந்தக் காப்பீட்டுதாரருக்கு எதிராக: ஓட்டுநருக்குப் போக்குவரத்து வாகன உரிமம் இல்லை, புதுச்சேரிக்குள் வரப் பெர்மிட் இல்லை, சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொண்டு பணம் கொடுத்துவிட்டார், ஆகவே பொறுப்பு எங்களுடையதில்லை, அப்படியே கொடுக்கச் சொன்னாலும் வசூலிக்கும் உரிமை வேண்டும். எக்ஸ்பார்ட்டியாக இருப்பவருக்காக இந்த இரண்டாம் பாதியை மறுத்துப் பேச அந்த அறையில் யாருமே இல்லை.

தனி வக்கீல், மூன்று பதில்கள்

ஜூலையில் பதிலுரையின் நகலைப் பார்த்த பிறகே உரிமையாளர் தனியாக ஒரு வக்கீலிடம் வக்காலத்துக் கொடுத்தார். எக்ஸ்பார்ட்டி உத்தரவை நீக்கும் மனு ஆகஸ்டில் அனுமதிக்கப்பட்டது. தொகையைப் பற்றி வாதாடுவது உரிமையாளருடைய வேலையில்லை என்று வக்கீல் முதலிலேயே தெளிவுபடுத்தினார். அந்தச் சுமையையும் உரிமையையும் பாலிசி நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறது. அவர் காக்க வேண்டியது பாலிசி செல்லும் என்ற நிலையை மட்டும்.

பெர்மிட் வாதம் எளிதில் விழுந்தது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனத்துக்கு 66ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு பெர்மிட்டிலிருந்து விலக்குத் தருகிறது. ஆர்.சி. நகலில் எடை எழுதிய வரியைக் கோடிட்டுக் காட்டினால் போதுமானதாக இருந்தது.

தன்னிச்சையாகப் பணம் கொடுத்ததும் ஒப்புக்கொண்டதும் பாலிசி நிபந்தனையை மீறியதுதான். ஆனால் காயம்பட்ட மூன்றாம் நபருக்கு எதிராக நிறுவனம் எடுக்கக்கூடிய வாதங்களை 150ஆம் பிரிவு வரையறுத்துப் பட்டியலிடுகிறது: தகுதியான உரிமம் இல்லாமை, பெர்மிட் மீறல், முக்கியத் தகவலை மறைத்து பாலிசி வாங்கியது போன்றவை. தானாகச் சமாதானம் பேசியது அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் பாலிசி சாகாது. ஆனால் கொடுத்த பணம் திரும்பி வராது.

மிஞ்சியது உரிமம். இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வாகனத்தை ஓட்டலாம் என்று 2017இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆனால் அது சரியா என்ற கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டு நிலுவையில் இருந்தது. அந்த நிச்சயமின்மையை நம்பியே பல நிறுவனங்கள் இந்த வாதத்தைக் கைவிடாமல் வைத்திருந்தன. இங்கேயும் நிறுவனத்தின் வக்கீல் அது தீரும்வரை சமரசம் பேச மறுத்தார். காயம்பட்டவர் வேலைக்குப் போக முடியாமல் வாய்தாவுக்கு வாய்தா நடந்தார்.

2024 நவம்பர்

2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு முகுந்த் தேவாங்கன் தீர்ப்பின் நிலையை உறுதி செய்தது. உரிம வாதம் அன்றோடு முடிந்தது. வசூல் உரிமை கிடைக்காது என்று தெரிந்தவுடன் நிறுவனத்தின் கணக்கு மாறியது. இரண்டு வாரத்துக்குள் அதுவே சமரசத்துக்கு ஆள் அனுப்பியது. நிறுவனம் எப்போது பேச வரும் என்பதைத் தீர்மானிப்பது காயத்தின் கடுமையைவிட அதன் கையில் மிச்சமிருக்கும் வாதங்களே. இழப்பீட்டு வழக்கில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தொகை எப்படி வந்தது

மருத்துவக் குழு அந்தக் காலுக்கு 22 சதவீத ஊனம் என்று சான்று தந்திருந்தது. தமிழ்நாடு, புதுச்சேரித் தீர்ப்பாயங்களில் இதைக் கணக்கிட இரண்டு வழிகள் புழங்குகின்றன. ஒன்று, சதவீதத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று பெருக்குவது. ஒரு சதவீதத்துக்கு 5,000 என்று எடுத்தால் 1,10,000. மற்றொன்று, ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கும் பெருக்கெண் வழி. கொத்தனாரின் மாத வருமானம் 15,000 என்று கொண்டு, 40 வயதுக்குக் கீழுள்ள சுயதொழில் செய்பவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் கூட்டினால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. 34 வயதுக்குப் பெருக்கெண் 16, ஆகவே 40,32,000. சாரம் ஏறி வேலை செய்பவரின் உழைப்புத் திறனில் 15 சதவீதம் போனது என்று வைத்தால் 6,04,800.

வலி, உதவியாளர், போக்குவரத்து, சிகிச்சைக் காலத்தில் இழந்த கூலி என்று இரண்டு வழியிலும் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் சேரும். ஆக ஒரு பக்கம் 2.6 லட்சம், மறுபக்கம் 7.5 லட்சத்துக்கு மேல். நிறுவனம் முதல் வழியில் 3 லட்சத்தில் தொடங்கியது. காயம்பட்டவரின் வக்கீல் ஒன்பதில் நின்றார்.

தீர்ப்பாயம் பெருக்கெண் வழியில் போனால், மனுத் தேதியிலிருந்து வழக்கமான 7.5 சதவீத வட்டியில் 7.5 லட்சத்துக்கு ஆண்டொன்றுக்கு 56,250 ஏறும். பங்குத் தவறை நிரூபித்தால் குறையும். ஆனால் உரிமையாளர் எழுதிக்கொடுத்த பத்திரம் காயம்பட்டவர் கையில் சான்றாக இருந்தது. அந்த ஒரு தாள், குறைந்திருக்கக்கூடிய தொகையைக் குறையவிடாமல் வைத்தது. வட்டி, செலவு எல்லாம் சேர்த்து 5.6 லட்சம் என்று பேச்சு நின்றது. இந்த எண்ணை நிறுவனத்தின் வக்கீல் தானாக ஏற்க முடியாது. கோப்பு கிளையிலிருந்து மேல் அலுவலகத்துக்குப் போய், அந்தத் தொகைக்கு அதிகாரம் உள்ளவரின் ஒப்புதல் எழுத்தில் வந்த பிறகே கையெழுத்து.

உரிமையாளரின் எதிர்ப்பு

செய்தி தெரிந்ததும் உரிமையாளர் கொதித்தார். “என் வண்டி, என் டிரைவர். அவர் குறுக்கே வந்ததுக்கு என்னைக் கேக்காம எப்படிப் பணம் குடுப்பீங்க?” என்று கிளை அலுவலகத்தில் கேட்டார். அதிகாரி இரண்டாவது நிபந்தனையைக் காட்டினார். அவர் காட்டியது சரி. முழு விருப்புரிமை என்றால், காப்பீட்டுதாரர் வெல்லக்கூடும் என்று நம்பும் வழக்கையும் சமரசம் செய்யும் உரிமை.

ஆனால் உரிமையாளரின் கவலையில் ஒரு பகுதி நியாயமானது. ஓட்டுநரின் குற்ற வழக்கு நிலுவையில் இருக்கையில், இந்தச் சமரசம் தவறை ஒப்புக்கொண்டதாகப் படிக்கப்படலாம். அவருடைய வக்கீல் தொகையை விட்டுவிட்டு மூன்று வாசகங்களைக் கேட்டார். முழுத் தொகையையும் இரண்டாம் எதிர்மனுதாரரே செலுத்துவார். முதல் எதிர்மனுதாரரிடம் வசூலிக்கும் உரிமை எதுவும் கோரப்படவில்லை. இந்தச் சமரசம் அலட்சியத்தை ஒப்புக்கொண்டதாகாது. நிறுவனம் முதலாவதை உடனே ஏற்றது. இரண்டாவதற்கு இரண்டு நாள் இழுத்தது. அது இல்லாமல் கையெழுத்திட மாட்டோம் என்று வக்கீல் உறுதியாக நின்ற பிறகு சேர்ந்தது.

முடிவு

2024 டிசம்பர் தேசிய லோக் அதாலத்தில் (சமரசத்தில் வழக்கு முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) 5.6 லட்சத்துக்கு உத்தரவானது. லோக் அதாலத் உத்தரவுக்கு மேல்முறையீடு இல்லை. காயம்பட்டவருக்கு இதுவே அதன் பெரிய மதிப்பு. பணம் 2025 பிப்ரவரியில் வைப்பாகி அவர் கணக்குக்குப் போனது.

உரிமையாளர் கொடுத்த 40,000 திரும்பவில்லை, 5.6 லட்சத்தில் கழிக்கப்படவும் இல்லை. தனி வக்கீலுக்கான செலவும் அவருடையது. 35 சதவீத போனஸ் தேர்ட் பார்ட்டி கிளெய்மால் குறையவில்லை. அடுத்த புதுப்பிப்பில் உயர்ந்தது. ஓட்டுநரின் குற்ற வழக்கு இதை எழுதும்போது நிலுவையில் இருக்கிறது.

எதை மாற்றிச் செய்திருக்கலாம்

விபத்தன்றே ஒரு பக்கக் கடிதம் நிறுவனத்தின் கிளைக்கு நேரில் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்கியிருக்க வேண்டும். ஏஜென்ட்டிடம் சொன்னது நிறுவனத்திடம் சொன்னதாகாது. காயம்பட்டவருக்கு உதவத் தோன்றினால் உதவலாம், தடையில்லை. மருந்துக் கடைக்கும் மருத்துவமனைக்கும் நேராகக் கட்டி ரசீது வாங்கலாம். அதைக் கூட மனிதாபிமான உதவி என்று நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்துவிட்டுச் செய்யலாம். யார் தவறு என்று எந்தத் தாளிலும் எழுதக் கூடாது.

சம்மன் வந்த நாளே மூன்று நகல்: ஒன்று நிறுவனத்துக்கு, ஒன்று தன் வக்கீலுக்கு, ஒன்று கோப்புக்கு. நிறுவனத்தின் பதிலுரையை முதல் வாய்தாவிலேயே வாங்கிப் படிக்க வேண்டும். அதில் ‘பாலிசி நிபந்தனை மீறல்’ என்ற சொற்கள் இருந்தால் தனி வக்கீல் அவசியம். இல்லாவிட்டாலும் ஆஜராகி, உரிமம், எஃப்.சி., பாலிசி ஆகியவற்றைத் தாக்கல் செய்துவிட்டால் போதும். 170ஆம் பிரிவு மனுவில் ‘எதிர்க்கத் தவறினார்’ என்று எழுத இடமிராது.

இந்த வழக்கில் எல்லாம் உடல் காயம் பற்றியது என்பதால் வரம்பு என்ற பேச்சு எழவில்லை. பொருள் சேதத்துக்கு இந்த வகை வண்டிகளின் பாலிசியில் 7.5 லட்சம் வரம்பு உண்டு. கொஞ்சம் பிரீமியம் மிச்சம் என்று அதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே நிலைமை தலைகீழ். வரம்புக்குள் முடிக்க வாய்ப்பு வரும்போது நிறுவனம் மறுத்து, தீர்ப்பு வரம்பைத் தாண்டினால், தாண்டிய பகுதி உரிமையாளர் தலையில். அப்படிப்பட்ட கிளெய்மில், வரம்புக்குள் சமரசம் செய்யும்படி நிறுவனத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் எழுதி, சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்த வேண்டும். இந்த உரிமையாளர் இப்போது புதுப்பிக்கும்போது அந்த 7.5 லட்சம் வரியைப் பார்த்த பிறகே பணம் கட்டுகிறார்.